டெ பைப் சிறுவர்களும் விளையாட்டுத் தெருக்களும்

1972ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில், டெ பைப் என்னும் நெருக்கமான குடியிருப்புப் பகுதியைச் சேர்ந்த பள்ளிச் சிறுவர்கள், தங்கள் தெருவில் கார்கள் வராமல் தடுத்து அதை விளையாடும் இடமாக்க வேண்டும் என்று கோரி ஒரு முயற்சியில் இறங்கினர். வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கினர். தெருவின் குறுக்கே தடுப்பு வைத்தனர். பெரியவர்களின் கோபத்தையும் எதிர்கொண்டனர். நெதர்லாந்துத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படத்தில் இம்முயற்சி பதிவாகியுள்ளது. அதே ஆண்டில் அந்நாட்டில் எழுந்த சாலைப் பாதுகாப்பு இயக்கத்தோடும், 1976இல் சட்ட வடிவம் பெற்ற 'வோனெர்ஃப்' என்னும் குடியிருப்புத் தெரு முறையோடும் சேர்த்தே இம்முயற்சியைப் பற்றி இன்று பேசப்படுகிறது.

மிதிவண்டிகளின் நாடு என்று இன்று பெயர் பெற்றிருக்கும் நெதர்லாந்து எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1960களில் அந்நாட்டு நகரங்கள் கார்களுக்காக மாற்றியமைக்கப்பட்டு வந்தன. அந்தப் போக்கு திரும்பியதில் குழந்தைகளுக்கும், குழந்தைகளின் பெயரால் பேசிய பெற்றோருக்கும் பெரும் பங்கு உண்டு.

டெ பைப் பகுதி

ஆம்ஸ்டர்டாமின் பழைய நகர மையத்துக்குத் தெற்கே டெ பைப் அமைந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரின் மக்கள்தொகை பெருகியபோது, தொழிலாளர் குடும்பங்களைக் குடியமர்த்துவதற்காக இப்பகுதி வேகமாகக் கட்டப்பட்டது. கட்டியவர்களில் பலர் இலாப நோக்குடைய தனியார். குறைந்த நிலத்தில் அதிக வீடுகள் என்பதே அவர்கள் கணக்கு. எனவே நீண்ட, ஒடுங்கிய தெருக்களும், இரு பக்கமும் இடைவெளியின்றி ஒட்டி நிற்கும் அடுக்கு வீடுகளும் உருவாயின. வீட்டுக்கு முன்னால் முற்றமோ தோட்டமோ கிடையாது. கதவைத் திறந்தால் நேரே தெருதான்.

இங்குள்ள தெருக்கள் பலவற்றுக்கு 17ஆம் நூற்றாண்டின் ஓவியர்களான ஃபிரான்ஸ் ஹல்ஸ், யான் ஸ்டேன், கோவர்ட் ஃபிளிங்க் முதலியோரின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. ஆல்பர்ட் கைப் என்ற ஓவியரின் பெயர் கொண்ட தெருவில் 1905 முதல் சந்தை நடந்து வருகிறது.

இப்பகுதியில் சொல்லத்தக்க ஒரே பெரிய பசுமை வெளி, 1880களில் அமைக்கப்பட்ட சர்ஃபாட்டி பூங்கா. மருத்துவரும் நகர வளர்ச்சிக்கு உழைத்தவருமான சாமுவேல் சர்ஃபாட்டியின் நினைவாக அதற்குப் பெயரிடப்பட்டது. பல்லாயிரம் மக்கள் நெருங்கி வாழும் பகுதிக்கு அந்த ஒரு பூங்கா போதுமானதாக இல்லை. மேலும், சிறு குழந்தை ஒன்று தன் வீட்டிலிருந்து பூங்காவுக்குப் போக வேண்டுமானால் பல தெருக்களைக் கடந்தாக வேண்டும். ஆகவே தலைமுறை தலைமுறையாக அங்கே குழந்தைகளின் விளையாட்டு வெளி, வீட்டு வாசலில் இருந்த தெருவே.

கார்களின் பெருக்கம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நெதர்லாந்தில் வருமானம் உயர்ந்தது. கார் வாங்குவோர் பெருகினர். 1960இல் அந்நாட்டில் ஏறத்தாழ 5 இலட்சம் கார்கள் இருந்தன. 1970இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 25 இலட்சம் ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் ஐந்து மடங்கு.

இந்தப் பெருக்கத்தைத் தெருவின் அளவோடு பொருத்திப் பார்த்தால் சிக்கல் விளங்கும். ஒரு கார் நிற்பதற்கு ஏறக்குறைய 5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும், அதாவது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். 10 மீட்டர் அகலமுள்ள ஒரு தெருவின் இரு ஓரமும் கார்கள் வரிசையாக நின்றால், 4 மீட்டர் அகலம் போய்விடும். இரு பக்க நடைபாதைக்கும் சேர்த்து 3 மீட்டர் ஒதுக்கினால், நடுவில் எஞ்சுவது 3 மீட்டர். அதுவும் ஓடும் வண்டிகளுக்கே தேவைப்படும். குதிரை வண்டிகளையும் கைவண்டிகளையும் மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட தெருவில், குழந்தைகள் ஓடி விளையாட எந்த இடமும் மிஞ்சாது. டெ பைப்பில் நடந்தது இதுதான்.

கார்களுக்கு இடம் தருவதற்காக இதைவிடப் பெரிய திட்டங்களும் பேசப்பட்டன. 1954இல் ஆம்ஸ்டர்டாம் காவல்துறைத் தலைவர் காஸ்யாகர், நகரின் கால்வாய்கள் சிலவற்றைத் தூர்த்துச் சாலைகளாக்கலாம் என்று யோசனை கூறினார். 1967இல் டேவிட் ஜோகினென் என்ற அமெரிக்கத் திட்ட வல்லுநர், நகருக்குள் அகன்ற நெடுஞ்சாலைகளைக் கொண்டுவரும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். கடும் எதிர்ப்பு எழுந்ததால் இரண்டுமே நிறைவேறவில்லை. ஆனால், நகரம் காருக்கேற்ப மாற வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் எவ்வளவு இயல்பாக ஏற்கப்பட்டிருந்தது என்பதை இவை காட்டுகின்றன.

ஆல்டோ வான் ஐக்கின் விளையாட்டிடங்கள்

ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சி குழந்தைகளை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1947இல் ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர், மாநகராட்சிப் பணியில் இருந்தபோது, பெர்டெல்மன் சதுக்கத்தில் ஒரு சிறு விளையாட்டிடத்தை வடிவமைத்தார். மணல் தொட்டி, குதித்துத் தாண்டக் கற்கள், தலைகீழாகத் தொங்க இரும்புக் கம்பிகள், சில மரங்கள், உட்காரும் பலகைகள் ஆகியவையே அதில் இருந்தன. இதற்கு வரவேற்பு கிடைக்கவே, பிற பகுதி மக்களும் தங்களுக்கு ஒன்று வேண்டுமென்று மாநகராட்சிக்கு எழுதினர். 1978 வரையான காலத்தில் அவர் வடிவமைத்த விளையாட்டிடங்கள் 700க்கும் மேல்.

இவற்றில் பல, தெருமுனைகளிலும், இடிந்த வீடுகள் இருந்த காலி மனைகளிலும் அமைந்தவை. வேலியிட்டு ஊரிலிருந்து பிரிக்காமல், நகரத்தோடு கலந்தே இருக்கும்படி பலவற்றை அவர் அமைத்தார். ஆனால் தெருக்களில் போக்குவரத்து பெருகியபோது, விளையாட்டிடம் இருந்தும் அங்கே தனியாகப் போய்ச் சேர்வது குழந்தைகளுக்கு ஆபத்தாயிற்று. விளையாட்டிடம் அமைத்துக் கொடுப்பது மட்டும் போதாது, அதற்குப் போகும் வழியும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற உண்மை அப்போது தெளிவாயிற்று.

சிறுவர்கள் செய்தது என்ன?

டெ பைப் சிறுவர்களின் முயற்சியை நாம் இன்று அறிவதற்குக் காரணம், 1972இல் விபிஆர்ஓ என்ற நெதர்லாந்து ஒலிபரப்பு நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட ஆவணப்படம். அதன் பெயருக்கு 'பைப் பகுதிக் குழந்தைகளின் சார்பில்' என்பது பொருள். பெரியவர்கள் குழந்தைகளைப் பற்றிப் பேசும் படமாக அது அமையவில்லை. குழந்தைகளே தங்கள் பகுதியைச் சுற்றிக் காட்டி, தங்கள் குறையைத் தங்கள் சொற்களில் எடுத்துரைக்கின்றனர். பல ஆண்டுகளுக்குப் பின் இணையத்தில் ஆங்கில வசனங்களோடு வெளியானபோது, உலகின் பல நாடுகளிலும் இப்படம் பார்க்கப்பட்டது.

சிறுவர்கள் மேற்கொண்ட வழிமுறையை நான்கு படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, குறையைக் கண்ணால் காணும்படி காட்டியது. தெரு முழுவதும் நிற்கும் கார்கள், அவற்றின் இடுக்கில் பந்து விளையாட முயலும் பிள்ளைகள், நடைபாதை மீதும் ஏறி நிற்கும் வண்டிகள் ஆகியவற்றை அவர்கள் சுட்டிக்காட்டினர். விளையாட இடமில்லை என்பதைப் பொதுவான புலம்பலாக விட்டுவிடாமல், எந்தத் தெருவில், எந்த இடத்தில் என்று குறிப்பிட்டுச் சொன்னார்கள்.

இரண்டாவது, அண்டை வீட்டாரின் ஒப்புதலைத் திரட்டியது. சிறுவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினர். தெருவை மூடினால் அதனால் பாதிக்கப்படுவோரும் அங்கே குடியிருப்பவர்களே என்பதால், அவர்களிடம் நேரில் பேசியது முக்கியமானது.

மூன்றாவது, கோரிக்கையைச் செய்து காட்டியது. தெருவின் குறுக்கே தடுப்புகளை வைத்துச் சிறிது நேரம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தினர். கார் வராத தெரு எப்படி இருக்கும் என்பதை அப்போது எல்லாராலும் நேரில் பார்க்க முடிந்தது.

நான்காவது, பொறுப்பில் உள்ளவர்களிடம் பேசியது. தெருவில் வண்டி போகலாமா கூடாதா என்று முடிவு செய்யும் அதிகாரம் நகராட்சிக்கே உண்டு. ஆதலால் தங்கள் யோசனையை அதிகாரிகளிடம் கொண்டுசென்றனர்.

இப்படிகளில் பெரியவர்களின் துணையும் இருந்தது. அக்காலத்தில் ஆம்ஸ்டர்டாமின் பழைய குடியிருப்புப் பகுதிகள் பலவற்றில் குடியிருப்போர் குழுக்கள் தீவிரமாக இயங்கி வந்தன. பிள்ளைகளின் கோரிக்கைக்கு அவ்வாறான பெரியவர்கள் தோள் கொடுத்தனர். இறுதியில் அப்பகுதியில் விளையாட்டுத் தெரு அமைந்தது.

எதிர்ப்பு

ஆவணப்படத்தின் மிகவும் அறியப்பட்ட காட்சி, தெருத் தடுப்பைச் சுற்றி எழும் சண்டைதான். வண்டியோட்டி ஒருவர் கோபத்துடன் இறங்கி வந்து தடுப்பை அகற்ற முயல்கிறார். தெருவில் இருந்த பெரியவர்கள் அவரைத் தடுக்கிறார்கள். வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றனர்.

எதிர்த்தவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தெரு என்பது பொதுவழி; அதை ஒரு சாரார் தாங்களாகவே மூடிவிட முடியாது. கடைக்காரருக்குச் சரக்கு வந்து இறங்க வேண்டும். நடக்க இயலாத முதியவருக்கு வண்டி வீட்டு வாசல்வரை வர வேண்டும். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் எந்நேரமும் நுழைய வழி வேண்டும். அரும்பாடுபட்டுச் சேமித்து முதன்முதலாகக் கார் வாங்கிய தொழிலாளிக்கு, அதை நிறுத்த இடமில்லை என்றால் ஆத்திரம் வருவதும் இயல்பே.

எனவே இது நல்லவருக்கும் கெட்டவருக்கும் இடையிலான சண்டை அன்று. குறைவாக உள்ள ஒரு பொது இடத்தைப் பலருடைய தேவைகளுக்கிடையே எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியே இதன் அடிப்படை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: வண்டி வைத்திருப்பவருக்கு வாக்குரிமை இருந்தது, குழந்தைக்கு இல்லை. வாக்குரிமை இல்லாதவர்களின் தேவையையும் பங்கீட்டில் சேர்க்க வேண்டும் என்பதைத்தான் டெ பைப் சிறுவர்கள் எல்லார் முன்னும் வைத்தனர்.

'குழந்தைக் கொலையை நிறுத்து' இயக்கம்

இடப்பற்றாக்குறையைவிடக் கொடிய இழப்பு ஒன்றும் அப்போது நடந்துகொண்டிருந்தது. 1971ஆம் ஆண்டில் மட்டும் நெதர்லாந்துச் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சமாக இருந்த ஒரு சிறிய நாட்டுக்கு இது பேரிழப்பு.

இறந்த குழந்தைகளில் ஒருவர், விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளரின் மகள். பள்ளிக்குச் செல்லும் வழியில் கார் மோதி அவள் இறந்தாள். 1972இல் லாங்கன்ஹாஃப், 'டெ டைட்' என்ற நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். சாலையில் குழந்தைகள் சாவதைத் தவிர்க்க முடியாத விபத்து என்று நாடு ஏற்றுக்கொண்டிருப்பதை அவர் சாடினார். பெற்றோர் ஒன்றுதிரண்டு அரசுக்கு அழுத்தம் தர வேண்டும் என்று அழைத்தார். அக்கட்டுரையின் தலைப்பில் இருந்த 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதே, அதைத் தொடர்ந்து உருவான இயக்கத்தின் பெயராயிற்று.

இயக்கத்தின் முதல் தலைவராக இருந்தவர் மார்ட்யே வான் புட்டன். அப்போது அவர் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த இளம் தாய். பிற்காலத்தில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானார். இயக்கத்தினர் மிதிவண்டி ஊர்வலங்கள் நடத்தினர். விபத்து அடிக்கடி நிகழும் இடங்களில் கூடி மறியல் செய்தனர். தெருக்களை ஒரு நாள் மூடி, குழந்தைகளை விளையாடவிட்டு, நடுத்தெருவில் மேசை போட்டு அண்டை அயலாருடன் உணவருந்தினர். ஒருமுறை பிரதமர் யோப் டென் ஆய்லின் வீட்டுக்கே மிதிவண்டிகளில் சென்று, பாட்டுப் பாடி, பாதுகாப்பான தெருக்கள் வேண்டும் என்று கேட்டனர். பிரதமரும் வெளியே வந்து அவர்கள் கோரிக்கையைக் கேட்டார்.

டெ பைப் சிறுவர்களின் முயற்சியும் இவ்வியக்கமும் ஒரே ஆண்டில் எழுந்தவை. ஒன்று ஒரு பகுதியின் விளையாட்டு இடத்தைப் பற்றியது. மற்றது நாடெங்கும் நிகழ்ந்த உயிரிழப்பைப் பற்றியது. குழந்தைகள் புழங்கும் இடத்தில் வண்டிகள் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு எண்ணிக்கையில் செல்லலாம் என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது.

எண்ணெய் நெருக்கடி

1973 அக்டோபரில் அரபு நாடுகள் நெதர்லாந்துக்கு எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. எரிபொருளை மிச்சப்படுத்த, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தது அரசு. 1973 நவம்பர் 4 முதலாவது காரில்லா ஞாயிறு. மருத்துவர் முதலிய சிலருக்கு மட்டும் விலக்கு இருந்தது. மக்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தனர், மிதிவண்டி ஓட்டினர், குழந்தைகள் உருள்சக்கரக் காலணிகளோடு சாலைகளில் சறுக்கி விளையாடினர். எண்ணெய் நிலைமை சற்றுச் சீரானதும் இத்தடை சில வாரங்களில் முடிவுக்கு வந்தது.

ஆனால் அந்தச் சில வாரங்களில், டெ பைப் சிறுவர்கள் ஒரு தெருவில் காட்ட முயன்றதை நாடு முழுவதும் நேரில் கண்டது. குழந்தைகளின் கோரிக்கையும் பெற்றோரின் இயக்கமும் மட்டும் நாட்டின் போக்கை மாற்றிவிட்டன என்று சொல்வது மிகையாகும். எரிபொருள் விலை ஏற்றம், பழைய நகரப் பகுதிகளை இடிப்பதற்கு எழுந்த எதிர்ப்பு, சுற்றுச்சூழல் பற்றிய புதிய அக்கறை ஆகியவையும் சேர்ந்தே அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன.

வோனெர்ஃப்: சட்டம் பெற்ற தெரு

டச்சு மொழியில் 'வோனென்' என்றால் குடியிருத்தல். 'எர்ஃப்' என்றால் வீட்டைச் சார்ந்த முற்றம். எனவே 'வோனெர்ஃப்' என்பதைக் 'குடியிருப்பு முற்றம்' எனலாம். இச்சொல்லை உருவாக்கியவராக நகரத் திட்ட அறிஞர் நீக் டெ பூர் குறிப்பிடப்படுகிறார். 1960களின் பிற்பகுதியிலேயே டெல்ஃப்ட் நகரில், யோஸ்ட் வால் என்ற நகராட்சிப் பொறியாளர், தெருக்களை இம்முறையில் மாற்றிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

1976இல் நெதர்லாந்து அரசு இதற்கெனத் தனிப் போக்குவரத்து விதிகளை இயற்றியது. அவற்றின் சாரம் வருமாறு:

• நடப்பவர்கள் தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம். தெருவில் விளையாடவும் அனுமதி உண்டு.
• வண்டிகள் நடை வேகத்துக்கு மேல் செல்லக் கூடாது.
• வண்டிகளைக் குறியிடப்பட்ட இடங்களில் மட்டுமே நிறுத்தலாம்.
• நடப்பவர்களும் விளையாடுபவர்களும் வண்டிகளைத் தேவையின்றித் தடுக்கக் கூடாது.

கடைசி விதி கவனிக்கத்தக்கது. வோனெர்ஃப் காரை ஒழிக்கவில்லை. கடைக்குச் சரக்கு வண்டி வரலாம். முதியவர் வீட்டு வாசலில் கார் வந்து நிற்கலாம். ஆனால், அந்தத் தெருவில் வண்டி ஒரு விருந்தாளி. டெ பைப்பில் தடுப்பு வைத்தவர்களுக்கும் தடுப்பை அகற்ற முயன்றவர்களுக்கும் இடையே இருந்த முரண்பாட்டுக்கு இது ஒரு தீர்வாக அமைந்தது.

இவ்விதிகள் வெறும் பலகையால் மட்டும் நடைமுறைக்கு வருவதில்லை. தெருவின் அமைப்பே மாற்றப்படுகிறது. நடைபாதைக்கும் வண்டிப் பாதைக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு நீக்கப்படுகிறது. நேர்கோட்டுப் பாதை வளைவுகளாக்கப்படுகிறது. மரங்களும் செடித் தொட்டிகளும் உட்காரும் பலகைகளும் வழியிடையே வைக்கப்படுகின்றன. விரும்பினாலும் வேகமாக ஓட்ட முடியாதபடி தெரு அமைகிறது. கார்கள் நின்ற இடத்தில் மரங்கள் வருவதால், தெருவிலேயே சிறிதளவு பசுமையும் கிடைக்கிறது.

வேகம் ஏன் முக்கியம்?

நடை வேகம் என்ற விதியின் காரணத்தை எளிய கணக்கால் புரிந்துகொள்ளலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடும். குழந்தை குறுக்கே வருவதைக் கண்டு, பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு நொடி ஆகும் என்று கொள்வோம். பிரேக் பிடித்த பின்னும், காய்ந்த சாலையில் ஏறத்தாழ மேலும் 14 மீட்டர் ஓடியே வண்டி நிற்கும். மொத்தம் 28 மீட்டர்.

அதே கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், முதல் நொடியில் சுமார் 8 மீட்டரும், பிரேக் பிடித்த பின் சுமார் 5 மீட்டரும் ஓடும். மொத்தம் 13 மீட்டர். நடை வேகத்திலோ 2 மீட்டருக்குள் நின்றுவிடும்.

பந்தின் பின்னால் ஓடிவரும் குழந்தை பெரும்பாலும் நிறுத்தப்பட்ட இரு கார்களுக்கு இடையிலிருந்துதான் வெளிப்படும். 10 மீட்டர் தொலைவில் குழந்தையைக் காணும் ஓட்டுநர், 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பிரேக்கைத் தொடுமுன்பே மோதிவிடுவார். எவ்வளவு கவனமான ஓட்டுநராக இருந்தாலும் இதை மாற்ற முடியாது. குழந்தைகளுக்குச் சாலை விதிகளைக் கற்பிப்பது தேவைதான். ஆனால் விளையாட்டு மும்முரத்தில் உள்ள ஆறு வயதுப் பிள்ளை எப்போதும் விதியை நினைவில் வைத்திருக்கும் என்று எதிர்பார்த்துத் தெருவை அமைக்கலாகாது என்பதே வோனெர்ஃப்பின் அடிப்படை.

பலன்களும் வரம்புகளும்

நெதர்லாந்தில் சாலை விபத்துகளில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அடுத்தடுத்த பத்தாண்டுகளில் வெகுவாகக் குறைந்தது. 1971இல் 400க்கும் மேலாக இருந்தது, 2010இல் 14 ஆயிற்று. இக்குறைவுக்குத் தெருக்களின் மாற்றம் மட்டுமே காரணம் அன்று. தனி மிதிவண்டிப் பாதைகள், 1980களில் வந்த 30 கிலோமீட்டர் வேக மண்டலங்கள், மேம்பட்ட வண்டிகள், மருத்துவ வசதி ஆகியவற்றுக்கும் பங்குண்டு.

வோனெர்ஃப் முறை பிற நாடுகளுக்கும் பரவியது. 1980இல் ஜெர்மனி இதையொத்த விதியை ஏற்றது. வீடும், பெரியவர் ஒருவரும், பந்தோடு நிற்கும் குழந்தையும் வரையப்பட்ட நீலப் பலகையை இன்று பல ஐரோப்பிய நாடுகளில் காணலாம்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. தெரு முழுவதையும் பெயர்த்து மீண்டும் அமைக்க வேண்டியிருப்பதால் செலவு மிகுதி. ஆகவே பின்னாளில் பல நகராட்சிகள், செலவு குறைந்த 30 கிலோமீட்டர் வேக மண்டலங்களையே கூடுதலாக விரும்பின. அத்தகைய மண்டலத்தில் விபத்து குறையும். ஆனால் தெருவில் விளையாடும் உரிமை கிடைக்காது. நடைபாதை விளிம்பை நீக்குவது, அதைக் கைக்கோலால் தடவி வழியறியும் பார்வையற்றோருக்கு இடையூறாகலாம் என்ற குறையும் கூறப்படுகிறது.

இதையொத்த முயற்சிகள்

விளையாட்டுத் தெரு என்ற எண்ணம் 1972க்கு முன்பே இருந்தது. நியூயார்க்கில் 1914இலேயே சில தெருக்களைக் குறித்த நேரத்தில் மூடிக் குழந்தைகளை விளையாடவிட்டனர். பிரிட்டனில் 1938இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

பசுமை வெளி ஒன்றையே வண்டிகளிடமிருந்து காத்த எடுத்துக்காட்டு, நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்கா. அப்பூங்காவின் ஊடே ஏற்கெனவே வண்டிகள் சென்று வந்தன. 1950களில், நகரத் திட்டங்களில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த ராபர்ட் மோசஸ், அங்கே மேலும் பெரிய சாலை அமைக்க முனைந்தார. ஷெர்லி ஹேய்ஸ் என்ற தாய் 1952 முதல் இதை எதிர்த்துப் பெற்றோரைத் திரட்டினார். எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸும் இணைந்தார். பிள்ளைகளும் சுவரொட்டி ஒட்டுதல் முதலிய வேலைகளில் உதவினர். 1958 நவம்பரில் பூங்கா சோதனை முறையில் மூடப்பட்டது. பொதுவாகத் திறப்பு விழாக்களில் நாடாவை வெட்டுவார்கள். அங்கே சாலையை மூடியதைக் குறிக்க நாடாவைக் கட்டினார்கள். குழந்தைகள் அந்த நாடாவைப் பிடித்து நின்றனர். போக்குவரத்து சுற்றுத் தெருக்களில் முடங்கிவிடும் என்று முன்பு எச்சரிக்கப்பட்டிருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அதன்பின் பூங்கா வண்டிகளுக்கு நிலையாக மூடப்பட்டது.

குழந்தைகளின் உரிமை

டெ பைப் சிறுவர்கள் கையெழுத்து வாங்கித் திரிந்தபோது, விளையாட்டு ஓர் உரிமை என்று கூறும் உலக உடன்படிக்கை எதுவும் நடைமுறையில் இல்லை. 1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குழந்தைகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. அதன் 31ஆம் பிரிவு, ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் குழந்தைகளுக்குள்ள உரிமையை ஏற்கிறது. 12ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துச் சொல்லவும், அக்கருத்து அவர்கள் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப்படவும் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது. இந்தியா இவ்வுடன்படிக்கையை 1992இல் ஏற்றது. ஒரு தெருவையோ பூங்காவையோ பற்றி முடிவெடுக்கும்போது பள்ளிப் பிள்ளைகளின் கருத்தைக் கேட்பது, இதன்படி பெரியவர்கள் காட்டும் சலுகை அன்று, அவர்களது கடமை.

இன்றைய டெ பைப்

டெ பைப் இன்று தொழிலாளர் பகுதியாக இல்லை. வாடகையும் வீட்டு விலையும் ஏறியதால், அங்கே வளர்ந்த குடும்பங்கள் பல வேறிடம் சென்றன. உணவகங்களும் சுற்றுலாப் பயணிகளும் நிறைந்த பகுதியாக அது மாறியுள்ளது. சிறுவர்களின் முயற்சியால் எல்லாத் தெருக்களிலும் கார்கள் மறைந்துவிடவும் இல்லை. இடத்தைப் பங்கிடும் சிக்கல் அரை நூற்றாண்டாகத் தொடர்ந்தது.

2018இல், டெ பைப்பின் மேற்கு எல்லையில் உள்ள கால்வாய் ஒன்றின் நீர்ப்பரப்புக்கு அடியில், சுமார் 600 கார்கள் நிற்கக்கூடிய நிறுத்துமிடம் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து, ஃபிரான்ஸ் ஹல்ஸ் தெருவைச் சுற்றியுள்ள பகுதியில் தெருவோர நிறுத்துமிடங்கள் அகற்றப்பட்டன. கார்கள் நின்ற இடங்களில் செடிகளும் மரங்களும் நடப்பட்டன. மிதிவண்டி நிறுத்தவும் உட்காரவும் விளையாடவும் இடம் ஒதுக்கப்பட்டது. 1972இல் அந்தப் பகுதியின் பிள்ளைகளாக இருந்தவர்கள் அப்போது ஐம்பது வயதைக் கடந்திருந்தனர்.